வெனிஸில் மூன்று நாள்: டெபாசிட்டை உடைக்கவா, கடன் வாங்கவா?

கேள்வி: எனக்கு 62 வயது. அரசுப் பள்ளி ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்று மதுரையில் இருக்கிறேன். ஓய்வூதியம் மாதம் 38,000 ரூபாய். மகனும் மருமகளும் ஜெர்மனியில் மியூனிக் நகரில் வேலை பார்க்கிறார்கள். அக்டோபர் தொடக்கத்தில் நானும் மனைவியும் அங்கே போய் ஆறு வாரம் தங்கப் போகிறோம். விமான டிக்கெட்டை மகன் எடுத்துவிட்டான். அக்டோபர் 28 எங்களுடைய 35-ஆவது கல்யாண நாள். மனைவிக்குச் சிறு வயதிலிருந்தே வெனிஸைப் பார்க்க ஆசை. அந்த மூன்று நாள் செலவையாவது மகன் தலையில் வைக்காமல் நானே செய்ய நினைக்கிறேன். சேமிப்புக் கணக்கில் 80,000 ரூபாய் இருக்கிறது. 5 லட்சம் ரூபாய் ஃபிக்சட் டெபாசிட் ஒன்று (மூன்று வருடம், 7.25 சதவீதம், வட்டி சேர்ந்து கடைசியில் வரும்) ஜனவரி கடைசியில் முதிர்கிறது. வங்கியின் செயலியைத் திறந்தாலே '2 லட்சம் பர்சனல் லோன் தயார்' என்று வருகிறது. 14 சதவீத வட்டி, 24 மாதத் தவணை. லோன் எடுக்கவா, டெபாசிட்டை உடைக்கவா? 2 லட்சம் போதுமா? வெனிஸுக்கு வெளியே மெஸ்த்ரேயில் தங்கினால் அறை வாடகை குறையும் என்கிறாள் மருமகள். மனைவி சைவம். முழங்கால் வலியும் உண்டு.

பதில்: ஐயா, முதலில் ஒன்று சொல்லிவிடுகிறேன். கட்டாயம் போய் வாருங்கள். உங்கள் கணக்கைப் போட்டுப் பார்த்த பிறகுதான் இதைச் சொல்கிறேன். லோனும் வேண்டாம், டெபாசிட்டை உடைக்கவும் வேண்டாம்.

செயலியில் 'தயார்' என்று நிற்கும் அந்த லோனை எடுத்தால் மாதத் தவணை சுமார் 9,600 ரூபாய் வரும். 24 மாதத்தில் வட்டி மட்டும் 30,000 ரூபாயைத் தாண்டும். பிராசசிங் கட்டணம் தனி. ஓய்வூதியத்தில் கால் பங்கு இரண்டு வருடத்துக்குத் தவணைக்கே போய்விடும். டெபாசிட்டை அக்டோபரில் உடைத்தால் பல வங்கிகள் வட்டியில் 1 சதவீதம் வரை குறைப்பார்கள். அதுவும் வைத்திருந்த இரண்டு வருடம் எட்டு மாதம் முழுவதற்கும் குறைப்பார்கள். 5 லட்சத்துக்கு அது 13,000 ரூபாய்க்குக் குறையாது. நான்கு மாதம் பொறுக்க முடியாததற்கு இவ்வளவு கொடுப்பானேன்?

அதே டெபாசிட்டை ஈடாகக் காட்டி ஓவர் டிராஃப்ட் (மாதத் தவணை இல்லாமல், எடுத்த தொகைக்கு மட்டும் வட்டி கட்டும் கடன்) கேளுங்கள். பெரும்பாலான வங்கிகளில் டெபாசிட் வட்டியைவிட 1 முதல் 2 சதவீதம் கூடுதலாகக் கேட்பார்கள். உங்களுக்கு 8.25 சதவீதம் என்று வைத்துக்கொள்வோம். 1,40,000 ரூபாயை அக்டோபர் தொடக்கத்தில் எடுத்து ஜனவரி கடைசியில் அடைத்தால் வட்டி சுமார் 3,900 ரூபாய்தான். டெபாசிட் முதிரும் அன்று கடனைக் கழித்துக்கொண்டு மீதியைக் கொடுப்பார்கள். நீங்கள் மியூனிக்கில் இருக்கும்போது எந்தத் தவணையையும் நினைத்துக்கொண்டிருக்க வேண்டாம். புறப்படும் முன்பே கிளைக்கு நேரில் போய்க் கையெழுத்துப் போட்டு வைத்துவிடுங்கள்.

சேமிப்புக் கணக்கில் இருக்கும் 80,000 ரூபாயைத் தொடவே கூடாது. ஊருக்குத் திரும்பிய மறுநாள் மருத்துவமனைக்கு ஓட வேண்டியிருந்தால் அந்தப் பணம்தான் கைகொடுக்கும்.

சரி, 1,40,000 எப்படி வந்தது? ஒரு யூரோவை 105 ரூபாய் என்று வைத்திருக்கிறேன். நீங்கள் வாங்கும் நாளில் கொஞ்சம் ஏறி இறங்கும். மியூனிக்கிலிருந்து வெனிஸுக்கு நேரடி ரயில் உண்டு. இன்ஸ்புருக், பிரென்னர் கணவாய், வெரோனா வழியாக ஆறரை, ஏழு மணி நேரம் ஆகும். முன்கூட்டியே எடுத்தால் இருவருக்கும் போக வர 200 யூரோவுக்குள் முடிக்கலாம். பகல் ரயிலாகப் பார்த்து எடுங்கள், ஆல்ப்ஸ் மலையைப் பார்த்துக்கொண்டே போகலாம். அறை மூன்று இரவுக்கு 480, இரவுக் கணக்கில் நகராட்சி வாங்கும் தங்கும் வரி 30, படகு பாஸ் 90, டோஜே அரண்மனை (வெனிஸை ஆண்டவர்களின் பழைய மாளிகை) டிக்கெட் 60, சாப்பாடு 240, கோண்டோலா என்ற துடுப்புப் படகில் ஒரு சுற்று 90. எதிர்பாராததற்கு 110. மொத்தம் 1,300 யூரோ, அதாவது 1,36,500 ரூபாய். ஓவர் டிராஃப்ட் வட்டியையும் சேர்த்தால் 1,40,000. உங்கள் 2 லட்சம் தேவையே இல்லை.

இன்னொரு கணக்கையும் பாருங்கள். 5 லட்சம் மூன்று வருடத்தில் சுமார் 6,20,000 ஆகும். வட்டி மட்டும் 1,20,000. அதாவது மூன்று வருட வட்டியே ஏறக்குறைய உங்களை வெனிஸுக்குக் கூட்டிக்கொண்டு போகிறது. அசலிலிருந்து 20,000 ரூபாய்தான் கரையும். வட்டி முழுவதையும் செலவழிக்கச் சொல்பவன் இல்லை நான். விலைவாசி ஏற ஏற அசலின் மதிப்பைக் காப்பது அந்த வட்டிதான். ஆனால் 35 வருடத்தில் ஒரு முறை என்றால் தயங்காமல் சொல்வேன். பிப்ரவரியிலிருந்து மாதம் 5,500 ரூபாய் ரெக்கரிங் டெபாசிட் போட்டால் இரண்டு வருடத்தில் எடுத்தது அத்தனையும் திரும்ப வந்துவிடும்.

இனி மெஸ்த்ரே. மருமகள் சொல்வதில் தப்பில்லை. மெஸ்த்ரே கடலுக்கு இந்தப் பக்கம், நிலத்தில் இருக்கும் ஊர். அங்கிருந்து தீவிலுள்ள சான்டா லூசியா நிலையத்துக்கு ரயிலில் பத்துப் பன்னிரண்டு நிமிடம். கட்டணமும் ஒன்றரை யூரோ போலத்தான். ஓர் இரவுக்கு அறையில் 60 யூரோ மிச்சம் என்று வைத்தால், ரயில் செலவு போக மூன்று இரவில் 160 யூரோ, ஏறக்குறைய 17,000 ரூபாய் மிச்சமாகும். அந்த 17,000 ரூபாயைச் செலவழியுங்கள் என்றுதான் நான் சொல்வேன். இந்தப் பயணத்தில் செலவழிக்கத் தகுந்த இடம் ஒன்று இருந்தால் அது அறைதான்.

வெனிஸுக்கு வருகிறவர்களில் பெரும்பாலோர் காலையில் வந்து மாலையில் போய்விடுகிறவர்கள். பத்து மணிக்கு மேல் சான் மார்க்கோ சதுக்கத்தில் தோள் இடிக்காமல் நடக்க முடியாது. காலை ஏழு மணிக்கு அதே சதுக்கம் புறாக்களும் பெருக்குகிற பணியாளர்களுமாக இருக்கும். இரவு ஒன்பது மணிக்கு மேல் கால்வாயில் தண்ணீர் சுவரில் மோதுகிற சத்தம் கேட்கும். உங்கள் மனைவி இத்தனை வருடமாக ஆசைப்பட்ட வெனிஸ் அந்த இரண்டு வேளையில்தான் இருக்கிறது. மெஸ்த்ரேயில் தங்கினால் அந்த இரண்டு வேளையும் ரயிலில் கழியும்.

ஆனால் எந்த அறை என்பதில் கவனம் தேவை. வெனிஸில் 400-க்கு மேல் பாலங்கள். அநேகமாக எல்லாவற்றிலும் படிக்கட்டு. கார், ஆட்டோ எதுவும் உள்ளே வராது. முழங்கால் வலியோடு பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஐந்து பாலம் ஏறி இறங்கினால் முதல் நாளே அலுத்துவிடும். ரயில் நிலையத்தை விட்டு வெளியே வந்து இடது பக்கம் திரும்பினால் லிஸ்தா டி ஸ்பான்யா என்ற தெரு. அதில் குல்யே பாலத்துக்கு முன்பாக இருக்கிற விடுதி என்றால் நிலையத்திலிருந்து ஒரு பாலம்கூட ஏறாமல் போய்விடலாம். கொஞ்சம் சுற்றுலாக் கூட்டம் உள்ள தெருதான். இருந்தாலும் உங்களுக்கு அதுதான் சரி. லிஃப்ட் இருக்கிறதா என்று எழுதிக் கேளுங்கள், பழைய கட்டடங்கள் பலவற்றில் இருக்காது. இலவசமாக ரத்து செய்யும் வசதியுள்ள அறையாகவும் இருக்கட்டும். இலையுதிர் காலத்தில் அங்கே 'அக்வா ஆல்தா' என்று கடல்நீர் நகருக்குள் ஏறும். 2020 அக்டோபரிலிருந்து மோசே என்ற தடுப்புக் கதவுகளை எழுப்பிப் பெரிய வெள்ளத்தைத் தடுக்கிறார்கள். ஆனாலும் தாழ்வான சான் மார்க்கோவில் சிறிய ஏற்றத்துக்கே கால் நனையலாம்.

பகலில் வந்து போகிறவர்களிடம் 2024-லிருந்து நுழைவுக் கட்டணம் வாங்குகிறார்கள். இதுவரை ஏப்ரலுக்கும் ஜூலைக்கும் இடைப்பட்ட குறிப்பிட்ட நாட்களில்தான். இரவு தங்குகிறவர்களுக்கு அது இல்லை. ஆகவே உங்களுக்கு அந்தக் கவலை வேண்டாம்.

வபொரெட்டோ என்பது அங்கே டவுன் பஸ் மாதிரி ஓடுகிற படகு. 75 நிமிட டிக்கெட் 9.50 யூரோ, 72 மணி நேர பாஸ் 45 யூரோ. நாளுக்கு இரண்டு முறை ஏறினாலே பாஸ் லாபம். முழங்கால் வலி இருப்பதால் நீங்கள் அதைவிட அதிகமாகவே ஏறுவீர்கள். ஒவ்வொரு முறையும் துறையில் இருக்கும் கருவியில் பாஸைக் காட்ட வேண்டும், மறந்தால் அபராதம். சாயங்காலம் நிலையத்திலிருந்து ஒன்றாம் எண் படகில் ஏறி, பெரிய கால்வாய் வழியாக ரியால்டோ பாலத்தைக் கடந்து சான் மார்க்கோ வரை போங்கள். முக்கால் மணி நேரம். வெனிஸில் கொடுத்த காசுக்கு இதைவிட அதிகம் தருகிற விஷயம் எனக்குத் தெரிந்து இல்லை. (கணக்குப் பார்க்கும் தொழிலில் இருப்பதால் ரியால்டோவைப் பற்றி ஒரு வார்த்தை: வணிகர்கள் பணம் மாற்றிய இடம் அது. இரட்டைப் பதிவுக் கணக்கு முறையை விளக்கி லூகா பாச்சியோலி எழுதிய நூல் 1494-இல் அச்சானதும் வெனிஸில்தான்.)

கோண்டோலாவுக்கு நகராட்சி வைத்த விலை பகலில் அரை மணிக்கு 90 யூரோ, இரவு ஏழு மணிக்கு மேல் 110. அது படகுக்கு, ஆளுக்கு இல்லை. ஐந்து பேர் வரை ஏறலாம். ஏறும் முன்பே நேரத்தையும் விலையையும் பேசிவிடுங்கள். வேறு யாராவது கேட்டிருந்தால் இது வீண் செலவு என்று சொல்லியிருப்பேன். கல்யாண நாளுக்கு என்பதால் பட்ஜெட்டில் நானே சேர்த்துவிட்டேன்.

சைவச் சாப்பாடு கஷ்டமில்லை. தக்காளிப் பாஸ்தா, சீஸ்கூட இல்லாத மரினாரா பீட்சா, காய்கறி வைத்த சாண்ட்விச் எல்லா இடத்திலும் கிடைக்கும். மீன் இருக்கிறதா என்று மட்டும் கேளுங்கள், நெத்திலி சேர்க்கும் பழக்கம் உண்டு. உட்கார்ந்து சாப்பிட்டால் 'கோபெர்தோ' என்று தலைக்கு இரண்டு மூன்று யூரோ பில்லில் வரும். ஏமாற்று இல்லை, அங்கே வழக்கம். காபியை நின்றபடி குடித்தால் ஒன்றரை யூரோ போல. சான் மார்க்கோவில் 1720-லிருந்து நடக்கும் ஃப்ளோரியன் காபிக் கடையின் வெளி மேசையில் இசையோடு உட்கார்ந்தால், இசைக்கே தனிக் கட்டணம். வெளியே நின்று கேட்டால் காசு இல்லை.

பணத்தை எப்படிக் கொண்டுபோவது? ஃபோரெக்ஸ் கார்டில் யூரோவாக ஏற்றிக்கொள்ளுங்கள், 200 யூரோ மட்டும் ரொக்கமாக இருக்கட்டும். நம் ஊர் கிரெடிட் கார்டைத் தேய்த்தால் பல கார்டுகளில் 2 முதல் 3.5 சதவீதம் கூடுதல் கட்டணமும் அதன்மேல் ஜி.எஸ்.டி.யும் விழும். கார்டைத் தேய்க்கும்போது 'ரூபாயா, யூரோவா' என்று கருவி கேட்டால் எப்போதும் யூரோவையே அழுத்துங்கள். ரூபாயை அழுத்தினால் அவர்கள் வைத்த மாற்று விலைதான். நிதியாண்டில் 10 லட்சம் ரூபாய் வரை இப்படி எடுத்துப் போவதற்கு டி.சி.எஸ். என்ற முன்கூட்டிய வரிப் பிடித்தம் இல்லை. யாராவது ஏஜென்ட் 'பேக்கேஜாகப் போட்டுத் தருகிறேன்' என்றால் அதற்கு முதல் ரூபாயிலிருந்தே பிடித்தம் உண்டு. பிறகு வருமான வரிக் கணக்கில் திரும்பக் கேட்கலாம் என்றாலும் அலைச்சல்தானே.

ஐரோப்பாவின் பல நாடுகளுக்கும் பொதுவான ஷெங்கன் விசாவை ஜெர்மனியிடம்தான் கேட்க வேண்டும், அதிக நாள் இருப்பது அங்கேதான். ஆளுக்கு 90 யூரோ. இத்தாலிக்குத் தனி விசா வேண்டியதில்லை. 30,000 யூரோவுக்குக் குறையாத மருத்துவக் காப்பீடு கட்டாயம். அதில் சர்க்கரை, ரத்த அழுத்தம் இருந்தால் மறைக்காமல் எழுதுங்கள். ரயிலில் போகும்போது பாஸ்போர்ட் கையில் இருக்கட்டும்.

மகனைப் பற்றி ஒன்று. செலவை நானே செய்வேன் என்பதில் இருக்கிற உங்கள் மனசு எனக்குப் புரிகிறது. ஆனால் அந்த ரயில் டிக்கெட்டை அவன் எடுக்கட்டும். அவனுக்கும் அம்மா அப்பாவின் கல்யாண நாளில் ஒரு பங்கு வேண்டாமா? 21,000 ரூபாய் உங்கள் கையில் நிற்கும், அசலும் கரையாது.

டோஜே அரண்மனை டிக்கெட்டை 30 நாள் முன்பே வாங்கினால் ஆளுக்கு ஐந்து யூரோ குறைவு. 28-ஆம் தேதி போவதென்றால் செப்டம்பர் 27-க்குள், மதுரையில் இருக்கும்போதே எடுத்துவிடுங்கள்.