பலாக்கொட்டை ஏன் வேகவில்லை?

கோபிசெட்டிபாளையம் பக்கமிருந்து ஒரு வாசகி எழுதியிருக்கிறார்: "கொல்லிமலைப் பலா ஒன்று வாங்கினோம். சுளை தீர்ந்து ஒன்றரைக் கிலோ கொட்டை மிஞ்சியது. பருப்பு மாதிரி காய வைத்துக்கொண்டால் வருசம் பூரா ஆகுமே என்று நாலு நாள் வெயிலில் போட்டேன். கத்திரிக்காயோடு புளிக்குழம்பில் போட்டால் ஒரு மணி நேரம் கொதித்தும் கல்லாட்டம் கிடக்கிறது. தின்றவர்களுக்கெல்லாம் வயிறு உப்புசம். உள்ளே இருக்கிற செவப்புத் தோலை உரிக்காததுதான் காரணம் என்கிறார் அத்தை. மீதியை என்ன செய்ய? மாங்கொட்டை, சீத்தாக்கொட்டையையும் இப்படிச் சமைக்கலாமா?"

அத்தையிடம் பக்குவமாகச் சொல்லுங்கள், செவப்புத் தோல் மேல் தப்பில்லை. வெயிலும் புளியும் சேர்ந்து செய்த வேலை இது.

கொட்டை என்று பெயர் இருப்பதால் துவரை, மொச்சை வரிசையில் அதையும் உட்கார வைத்துவிடுகிறோம். பலாக்கொட்டையின் குணம் சேப்பங்கிழங்கின் குணம். பச்சைக் கொட்டையின் எடையில் பாதிக்கு மேல் தண்ணீர், மீதியில் பெரும்பங்கு மாவுச்சத்து. 100 கிராமுக்கு ஆறு கிராம் போலப் புரதம் உண்டு. மொச்சை செடியிலேயே காய்ந்து, பிறகு எப்போது ஊறினாலும் உயிர் பிடிக்கும். பலா ஈரத்தோடு மண்ணில் விழுந்து உடனே முளைக்கிற விதை, காய்ந்தால் செத்துப்போகும். காயக் காய உள்ளிருக்கும் மாவு இறுகிக் கொம்பு போலாகிவிடும். நாலு நாள் கொங்கு வெயில் அதற்கு ரொம்பவே அதிகம்.

அடுத்தது புளி. காய், கிழங்கு எதுவானாலும் புளித்தண்ணீரில் மெதுவாகத்தான் மசியும். செல்களை ஒன்றோடொன்று ஒட்டிவைத்திருக்கும் பெக்டின் என்ற பசை, புளிப்பு இருக்கும்போது சுலபத்தில் கரையாது. கத்திரிக்காய் மென்மையானது, தப்பித்துக்கொள்ளும். காய்ந்த கொட்டை தப்பிக்காது.

சரி, காய்ந்ததை மீட்கிற வழி. மேலே இருக்கும் வெள்ளைத் தோலை உரித்துவிட்டு, ஒவ்வொரு கொட்டையையும் குழவியால் லேசாக ஒரு தட்டு தட்டி, வெதுவெதுப்பான தண்ணீரில் ராத்திரி முழுக்க ஊற வையுங்கள். காலையில் அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட்டு, புதுத் தண்ணீரும் கொஞ்சம் உப்பும் போட்டுக் குக்கரில் ஐந்தாறு விசில். விரலால் அமுக்கினால் உடைய வேண்டும். அதற்கும் மசியாததை மிக்சியில் கொரகொரப்பாக உடைத்து அடைமாவில் சேர்த்துவிடுங்கள். மெல்லிய அடையாக, மூடி போட்டுச் சுட்டால் யாருக்கும் வித்தியாசம் தெரியாது. குழம்பில் போட்டு மறுபடி மானத்தை வாங்கிக்கொள்ள வேண்டாம்.

அடுத்த பழத்துக்கு இப்படிச் செய்யுங்கள். கொட்டையைச் சாம்பலிலோ கல்லுப்பிலோ உருட்டித் தேய்த்தால் வழவழப்பு போய்விடும். கழுவி, நிழலில் ஒரே ஒரு நாள் பரப்பினால் போதும். வெள்ளைத் தோல் காகிதம் போல விலகி நிற்கும். நுனியில் கத்தியால் கீறி இழுத்தால் முழுசாக வந்துவிடும். அதற்கடியில் இருக்கும் செவப்புத் தோல் தின்னத் தக்கது. லேசாகத் துவர்க்கும், அவ்வளவுதான். வடைக்கோ பாயசத்துக்கோ வெள்ளையாக வேண்டுமென்றால் சாக்கில் போட்டுத் தேய்த்து எடுக்கலாம். குழம்புக்கு நான் எடுப்பதில்லை. அந்தத் துவர்ப்பும் குழம்பில் வேண்டியதுதான்.

உரித்த கொட்டையை இரண்டாகக் கீறி, மூழ்குமளவு தண்ணீரும் உப்பும் ஒரு சிட்டிகை மஞ்சளும் போட்டு மூன்று விசில் விடுங்கள். குக்கரைத் திறந்ததும் ஒரு மண்வாசம் வரும். முதல் மழை விழுந்த காட்டின் வாசம் மாதிரி. எங்கள் வீட்டில் இந்தக் கட்டத்திலேயே கால்வாசி காணாமல் போய்விடும். அப்புறம் வழக்கமான வறுத்தரைத்த மசால்: கடலை எண்ணெயில் மல்லி, வரமிளகாய், கொஞ்சம் மிளகு, சீரகம், ஒரு கைப்பிடி சின்ன வெங்காயம் வதக்கி, தேங்காயைக் கடைசியில் போட்டுப் பிரட்டி அரைப்பது. கத்திரிக்காயை வதக்கி, மசாலும் தண்ணீரும் விட்டு, காய் முக்கால் பதம் வெந்த பிறகு வெந்த கொட்டையைச் சேருங்கள். புளிக்கரைசல் அதற்கும் பிறகுதான். ஒரு கொதி வந்து பச்சை வாசம் போனால் இறக்கிவிடலாம். கருவாட்டுக் குழம்பானாலும் இதே வரிசைதான். மாங்காய் போடுகிறவர்கள் மாங்காயைப் புளியாக நினைத்துக் கடைசியில் போட வேண்டும்.

உப்புசம் வந்தது பெரும்பாலும் அரைவேக்காட்டால். புரதத்தைச் செரிக்க வைக்கும் டிரிப்சின் என்ற நொதியைத் தடுக்கிற பொருள் பச்சைக் கொட்டையில் இருக்கிறது. நன்றாக வெந்தால் செயலிழந்துவிடும். வேகவைத்த தண்ணீரைக் கொட்டிவிட்டு, குழம்பில் பூண்டும் பெருங்காயமும் தாராளமாகப் போடுங்கள். ஆளுக்கு ஏழெட்டுக் கொட்டை போதும், அதையும் மதியமே முடித்துக்கொள்ளுங்கள். சர்க்கரை உள்ளவர்கள் இதைக் காயாகக் கணக்குப் பண்ணாமல் சோற்றுக் கணக்கில் சேர்த்து, அன்றைக்குச் சோற்றைக் குறைக்க வேண்டும்.

அடுப்பில் சுட்டுத் தின்கிற ஆசை இருந்தால் கீறாமல் போடாதீர்கள். சின்ன வயதில் அமுச்சி வீட்டு விறகடுப்பில் முழுக்கொட்டை ஒன்றைத் தணலுக்குள் தள்ளிவிட்டு நான் குனிந்து ஊதிக்கொண்டிருந்தேன். உள்ளிருந்த ஈரம் ஆவியாகிப் பட்டாசாட்டம் வெடித்தது. புருவ முடி கருகியது, அமுச்சி கையால் முதுகில் ஒன்றும் விழுந்தது. மைக்ரோவேவ் அடுப்பிலும் இதே கதைதான்.

எடுத்து வைப்பதும் கிழங்கு மாதிரியே. உலர்ந்த மணலைப் பானையில் அடுக்கடுக்காகப் போட்டு நடுவில் கொட்டையைப் புதைத்து வைப்பது பழைய வழி. இப்போது ஃப்ரிட்ஜ் இருக்கிறது. ஈரம் துடைத்துத் துணிப்பையில் கட்டிக் கீழ்த்தட்டில் வைத்தால் இரண்டு வாரத்துக்குக் கவலையில்லை. அதற்கு மேலும் வேண்டுமென்றால் வேகவைத்து உரித்து ஃப்ரீசரில் போடுங்கள். பூஞ்சணம் பிடித்ததை மட்டும் யோசிக்காமல் தூக்கி எறியுங்கள்.

மற்ற கொட்டைகளுக்கு வருவோம். அரசாணி (பரங்கிக்காய்) விதையைக் கழுவிக் காய வைத்து வறுத்துத் தின்னலாம். அது தாராளமாகக் காயும். புளியங்கொட்டையை வறுத்துத் தோலை உடைத்து, உப்புத் தண்ணீரில் ஊறப் போட்டு மெல்லலாம். அதன் மாவு நூலுக்குக் கஞ்சி போடவும் துணி அச்சுச் சாயத்தைக் கெட்டியாக்கவும் போகிற சரக்கு. அதனால் ஒருநாளும் வெண்ணெயாகக் குழையும் என்று எதிர்பார்க்காதீர்கள். பனங்கொட்டையை மண்ணில் புதைத்தால் தை மாசத்துக்குக் கிழங்கு. இடையிலேயே வெட்டினால் உள்ளே வெள்ளையாகப் பஞ்சு போலத் தவுண். அதற்குச் சமையலே தேவையில்லை.

மாங்கொட்டைப் பருப்பில் டானின் அதிகம், துவர்ப்பு நாக்கை இழுக்கும். காய வைத்துப் பொடித்து, வயிற்றுப்போக்குக்கு மோரில் ஒரு சிட்டிகை கலக்குவது பழைய கைவைத்தியம். சோறு மாதிரி தின்கிற பொருள் அல்ல. கொட்டை முற்றாத பிஞ்சு மாங்காயை முழுசாகக் குழம்பில் போடுவது வேறு விசயம்.

சீத்தாக்கொட்டை வேண்டவே வேண்டாம். தலைப் பேனுக்கு அரைத்துப் பூசுகிற நஞ்சு அது. பொடி கண்ணில் பட்டால் விழி புண்ணாகிவிடும். மிக்சியில் போட்டு அரைக்கக்கூட வேண்டாம். ஊட்டியிலிருந்து இறங்குகிற பீச், பிளம் பழங்களின் கொட்டையை உடைத்தால் பாதாம் மாதிரி ஒரு பருப்பு வரும். அதுவும் ஆகாது. கசப்பே எச்சரிக்கைதான், தின்றால் உடம்புக்குள் சயனைடு உண்டாகும். குழந்தைகள் கையில் கிடைக்கும்படி போட்டு வைக்காதீர்கள்.

வெயிலில் போடாமல் விட்ட ஒரு கைப்பிடிக் கொட்டை சமையல்கட்டு மூலையில் முளை விட்டிருக்கிறது என்றும் கடிதத்தின் ஓரத்தில் எழுதியிருக்கிறீர்கள். விரற்கடை நீளம்தான் முளை என்றால் கிள்ளிவிட்டுக் குழம்பில் போடலாம். அதற்கு மேல் வளர்ந்ததை வாய்க்கால் கரையில் ஊன்றிவிடுங்கள்.