மஞ்சள் காமாலை திரும்ப வந்திருக்கிறது, வைரஸ் எதுவும் இல்லை என்கிறார்கள். கல்லீரல் பயாப்சி எடுத்தே ஆக வேண்டுமா?

உங்கள் அக்காவுக்கு இரண்டாவது தடவையாகக் காமாலை. ஹெபடைட்டிஸ் ஏ, பி, சி, இ எதுவும் இல்லை. ஆட்டோஇம்யூன் ஹெபடைட்டிஸாக, அதாவது உடம்பின் எதிர்ப்பு சக்தியே கல்லீரலைப் புண்ணாக்குகிற நோயாக இருக்கலாம் என்று டாக்டர் பயாப்சி (ஊசியால் கல்லீரலில் துளி சதை எடுத்துப் பார்ப்பது) எடுக்கச் சொல்கிறார், அக்கா பயப்படுகிறார் என்று எழுதியிருக்கிறீர்கள். எடுக்கச் சொல்லுங்கள். எனக்கும் இதே நோய்தான், நான் தாமதமாக எடுத்தவள், அதனால்தான் இவ்வளவு உறுதியாகச் சொல்கிறேன்.

நான் பாம்பன் பக்கம். விரலில் துணி சுற்றிக்கொண்டு தீவுப் பக்கம் முங்கிக் கடற்பாசி எடுக்கிற வேலை. முதலில் வந்தது அசதிதான். காலையில் எழும்போதே கை கால் ஓய்ந்து கிடக்கும், விரல் கணுவெல்லாம் வலிக்கும். உப்புத் தண்ணீரில் நாள் முழுக்கக் கிடந்தால் வலிக்காதா என்று எல்லோரும் சொன்னார்கள், நானும் அப்படியே நினைத்தேன். அப்புறம் கண் மஞ்சளானது. கீழாநெல்லி, மோர், உப்பில்லாப் பத்தியம். ஒரு மாதத்தில் கண் தெளிந்துவிட்டது. மருந்து கேட்டது என்று நம்பினோம். இந்த நோய் தானாகவே ஏறும், தானாகவே தணியும் என்பது அப்போது எங்களுக்குத் தெரியாது. கண் தெளிந்திருந்த அந்த மாதங்களிலும் உள்ளே கல்லீரல் புண்பட்டுக்கொண்டே இருந்திருக்கிறது.

இரண்டாவது தடவை வந்தபோதும் பக்கத்து கிளினிக்கில் பிலிருபின் (ரத்தத்தில் காமாலையின் அளவு) மட்டும் பார்த்து அனுப்பினார்கள். மதுரையில் ஒரு கல்லீரல் டாக்டர்தான், "வைரஸ் இல்லை, குடி இல்லை, அப்புறம் ஏன் வருகிறது?" என்று கேட்டார். அந்தக் கேள்வியை யாராவது முன்பே கேட்டிருக்க வேண்டும். ஏ.என்.ஏ., ஸ்மூத் மசில் ஆன்டிபாடி, ஐ.ஜி.ஜி. என்று, எதிர்ப்பு சக்தி கல்லீரலைத் தாக்குகிறதா என்று பார்க்கிற ரத்தப் பரிசோதனைகள் எழுதினார். சாப்பிட்ட நாட்டு மருந்து அத்தனையும் கேட்டுக் குறித்துக்கொண்டார். சீந்தில் போன்ற மூலிகைகளாலும் இதே மாதிரி கல்லீரல் அழற்சி வரலாமாம். அக்கா எதுவும் சாப்பிட்டிருந்தால் மறைக்க வேண்டாம்.

பயாப்சி நான் பயந்த அளவுக்கு இல்லை. ரத்தம் சரியாக உறைகிறதா என்று முதலில் பார்த்தார்கள். வலது விலாப் பக்கம் மரத்துப்போக ஊசி, அப்புறம் சில நொடி வேலை, சில மணி நேரம் அசையாமல் படுக்கை. தோள்பட்டை கொஞ்சம் வலித்தது. நோய் இதுதான் என்று உறுதியானதோடு, எவ்வளவு தழும்பு விழுந்திருக்கிறது என்பதும் அதில்தான் தெரிந்தது. எனக்கு சிரோசிஸ், அதாவது தழும்பு பரவிக் கல்லீரல் இறுகிப்போகிற நிலை, தொடங்கியிருந்தது. கண்டுபிடிக்கும்போதே ஏறக்குறைய மூன்றில் ஒருவருக்கு இப்படி ஆகியிருக்குமாம். உங்கள் அக்காவுக்கு அந்த நிலை வருவதற்குள் நோயைக் கண்டுபிடித்துவிட வாய்ப்பு இருக்கிறது.

சிகிச்சை பிரெட்னிசோலோன் என்ற ஸ்டீராய்டு, பிறகு எதிர்ப்பு சக்தியை அடக்குகிற அசதியோபிரின். ஸ்டீராய்டில் முகம் உப்பும், பசி தாங்காது, சர்க்கரை ஏறலாம். டோஸ் குறையக் குறைய முகம் பழையபடி ஆகிவிடும். அசதியோபிரினுக்கு வெள்ளை அணு குறைகிறதா என்று அவ்வப்போது ரத்தம் பார்க்க வேண்டும். நன்றாக இருக்கிறோமே என்று நான் ஒரு தடவை மாத்திரையை நானாகவே நிறுத்தினேன். கல்லீரல் புண்படுவதைக் காட்டுகிற என்சைம் ரத்தத்தில் பல மடங்கு ஏறி, மறுபடி முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டியதாகிவிட்டது. இதை மட்டும் அக்காவிடம் அழுத்திச் சொல்லுங்கள்.

இன்னொன்று. கல்லீரல் என்றதும் ஊரில் "குடிப்பழக்கமா?" என்பார்கள், தட்டு டம்ளரைத் தனியாக வைப்பார்கள். எனக்கு வைத்தார்கள், அது நோயைவிட வலித்தது. இது ஒட்டாது. உடம்பின் எதிர்ப்பு சக்தியே சொந்தக் கல்லீரலைத் தாக்குகிறது, அவ்வளவுதான். வீட்டில் நீங்கள் ஒருவராவது அக்காவோடு ஒரே பாத்திரத்தில் சாப்பிடுங்கள்.

இப்போது என் என்சைம் சரியாக இருக்கிறது. கருவாட்டைக் குறைத்துவிட்டேன், வெயிலில் தலையை மூடிக்கொண்டு பாசி காயப்போடுகிறேன். மதுரைக்கு ரயிலில் போய் ரத்தம் கொடுத்துவிட்டு வருகிறேன்.

பயாப்சிக்குப் போகும்போது கூட யாராவது போங்கள், இரவு தங்கச் சொன்னாலும் சொல்வார்கள். முதல் காமாலையின்போது எடுத்த ரிப்போர்ட் இருந்தால் அதையும் கொண்டுபோங்கள்.