"அரிய நோய்" என்று சொல்லிவிட்டால் மருத்துவமனையின் பொறுப்பு தீர்ந்ததா?

கேள்வி: என் மனைவிக்கு (38) சிறு வயதிலிருந்தே மூக்கில் ரத்தம் கொட்டும். அவருடைய அப்பாவுக்கும் அப்படித்தான். தனியார் மருத்துவமனை ஒன்றில் 9 ஆண்டுகள் காட்டினோம். மூக்கில் சூடு வைத்தார்கள், இரும்புச்சத்து ஏற்றினார்கள். 14 மாதங்களுக்கு முன் மூளையில் சீழ்க்கட்டி வந்தது. எச்.எச்.டி. என்ற பரம்பரை ரத்தக்குழாய் நோய் என்றும், நுரையீரலில் தமனியும் சிரையும் நேராக இணைந்திருக்கின்றன என்றும் வேறு மருத்துவமனையில் கண்டுபிடித்தார்கள். பழைய மருத்துவமனை, "அரிய நோய், என்ன செய்ய முடியும்" என்கிறது. வழக்குத் தொடரலாமா?

பதில்: தொடரலாம். ஆனால் நோயைத் தவறவிட்டதே அலட்சியம் ஆகிவிடாது. சராசரித் திறமையுள்ள ஒரு மருத்துவர் அந்த நிலையில் என்ன செய்திருப்பார் என்பதுதான் ஜேக்கப் மேத்யூ வழக்கில் (2005) உச்ச நீதிமன்றம் வைத்த அளவுகோல். எனவே எந்தத் தேதியில், எந்த அறிகுறி, யார் கண்முன் இருந்தது என்பதைக் காகிதத்தில் காட்ட வேண்டும்.

இந்த நோய்க்கான குரசாவ் அளவுகோல் நான்கு: தானாகத் திரும்பத் திரும்ப வரும் மூக்கு ரத்தம்; உதடு, நாக்கு, விரல்நுனிகளில் சிவப்புப் புள்ளிகள்; உள்ளுறுப்புகளில் ரத்தக்குழாய்க் கோளாறு; பெற்றோர், உடன்பிறந்தோர், பிள்ளைகளில் ஒருவருக்கு இந்நோய். மூன்று இருந்தால் உறுதி, இரண்டு இருந்தால் சந்தேகம். பழைய ஓ.பி. சீட்டில் "உதட்டில் புள்ளிகள்" என்றோ "அப்பாவுக்கும் உண்டு" என்றோ ஒரு வரி இருந்தால் உங்கள் வழக்குக்கு அதுதான் அடித்தளம். மூக்கு ரத்தம் மட்டுமே எழுதியிருந்தால் வழக்கு பலவீனமானது. அதை மறைத்துச் சொல்ல விரும்பவில்லை.

அடுத்தது காரணத் தொடர்பு. நுரையீரலில் வடிகட்டப்படாத ரத்தத்தோடு கிருமி நேராக மூளைக்குப் போவதால்தான் சீழ்க்கட்டி. முன்பே சந்தேகித்திருந்தால் குமிழி எக்கோ (ரத்தத்தில் நுண்குமிழிகளைச் செலுத்தி இதயத்தை ஸ்கேன் செய்யும் சோதனை) எடுத்து, அந்த இணைப்பை அடைத்திருக்கலாம் என்று ஒரு மருத்துவ நிபுணர் எழுதித் தர வேண்டும். எல்லா வழக்கிலும் நிபுணர் கருத்து கட்டாயமில்லை என்று கிஷன் ராவ் வழக்கு (2010) சொன்னாலும், இதில் அது இல்லாமல் போகாதீர்கள்.

நுகர்வோர் ஆணையத்தில் மனு போடக் கால வரம்பு 2 ஆண்டு. பாதிப்பு பின்னால் தெரியவந்தால், தெரிந்த நாளிலிருந்து கணக்கு என்கிறது ஸ்ரீகண்டே வழக்கு (2010). உங்களுக்கு இன்னும் 10 மாதம் இருக்கிறது. ஆனாலும் இன்றே கேஸ் ஷீட் நகல் கேட்டுப் பதிவுத் தபால் அனுப்புங்கள். 72 மணி நேரத்தில் தர வேண்டும் என்பது மருத்துவக் கவுன்சில் விதி. ஆனால் உள்நோயாளி ஆவணங்களை 3 ஆண்டுதான் வைத்திருக்கக் கடமை. பழையவை அழிந்திருக்கலாம் என்பதால் வீட்டிலுள்ள சீட்டு, ரசீது எதையும் தூக்கி எறியாதீர்கள்.

கட்டிய கட்டணம் 50 லட்சத்துக்குள் என்றால், நீங்கள் குடியிருக்கும் மாவட்ட நுகர்வோர் ஆணையத்திலேயே மனு போடலாம். 5 லட்சத்துக்குள் என்றால் மனுக் கட்டணம் இல்லை. மருத்துவக் கவுன்சிலில் தரும் புகார் தனி. அங்கே இழப்பீடு கிடைக்காது.

வழக்கைவிட அவசரமான ஒன்று: பிள்ளைகள் ஒவ்வொருவருக்கும் இந்நோய் வர 50 சதவீத வாய்ப்பு உண்டு. அவர்களையும் மனைவியின் உடன்பிறந்தவர்களையும் பரிசோதிக்கச் சொல்லுங்கள். பல் பிடுங்கும் முன் நுரையீரல் இணைப்பு பற்றிப் பல் மருத்துவரிடம் உங்கள் மனைவி கட்டாயம் சொல்ல வேண்டும். முன்கூட்டியே ஆன்டிபயாட்டிக் தேவைப்படும்.