கோல்டன் ரொட் கன்று வாங்கலாமா?

கேள்வி: கண்டியில் ஒரு கல்யாண மேடையில் ரோஜாக்களுக்கு நடுவே மஞ்சள் தூவினாற்போல ஒரு பூ வைத்திருந்தார்கள். கோல்டன் ரொட் என்றார்கள். இணையத்தில் ஒருவர் அதன் விதையும் கன்றும் விற்கிறார். படத்தில் செடி ஆள் உயரம் நிற்கிறது. எங்கள் லயத்து வாசலில் வளருமா? அந்தப் பூவால் இழுப்பு வரும் என்று பக்கத்து வீட்டு அக்கா பயப்படுகிறார். – வாசகி, ஹட்டன்

பதில்: வளரும். ஆனால் விதை வேண்டாம், வேர் பிடித்த கன்றாக வாங்குங்கள். பூக்கடைக்குப் போகும் வகைகள் பெரும்பாலும் கலப்பினம். அவற்றின் விதையில் தாய்ச்செடி அப்படியே வராது. அடியில் கிளம்பும் பக்கக்கன்றைப் பிரித்து நடுவதுதான் வழக்கம். வெளிநாட்டு விதை என்று சொல்லி விற்றால் இன்னும் கவனம் தேவை. விவசாயத் திணைக்களத்தின் அனுமதி இல்லாமல் விதையோ கன்றோ நாட்டுக்குள் வரக்கூடாது.

படத்தை நம்பி விலை பேசாதீர்கள். வட அமெரிக்கச் செடி இது. அங்கே கோடையின் நீண்ட பகலில் தண்டு உயர்ந்து, பகல் குறையும்போது பூக்கும். நமக்கு ஆண்டு முழுக்கப் பகல் ஏறக்குறைய 12 மணி நேரம்தான். அதனால் கன்று உயரமாகுமுன்னே பூத்துவிடலாம். நம்மைப் போன்ற நாடுகளில் வியாபாரத்துக்குப் பயிரிடுபவர்கள் இரவில் மின்விளக்குப் போட்டுத்தான் தண்டை நீட்டுகிறார்கள். வாசலுக்குக் குட்டைச் செடியே அழகு என்பேன்.

அக்காவின் பயத்துக்கு வருவோம். இதன் மகரந்தம் கனமானது, ஒட்டும் தன்மையுள்ளது. காற்றில் பறக்காது, தேனீதான் சுமக்கும். அமெரிக்காவில் அதே பருவத்தில் பூக்கும் ராக்வீட் என்ற களையின் பழி இதன் மேல் விழுந்துவிட்டது. ஆனால் சாமந்தி பட்டால் தோல் அரிக்கிறவர்கள் கையுறை போட்டுக்கொள்ளட்டும், இரண்டும் ஒரே குடும்பம்.

எனக்கு உண்மையான கவலை வேறு. இதை நிலத்தில் நடாதீர்கள். மண்ணுக்குள் கிழங்குத் தண்டு ஓடும், விதை பஞ்சோடு பறக்கும். 1935 இல் அழகுக்காகச் சீனாவுக்குக் கொண்டுபோன கனடா வகை, இன்று அங்கே வயலோரங்களை மூடிக் கிடக்கிறது. நமக்கும் இந்த அனுபவம் உண்டு. வெள்ளைக்காரர்கள் கொண்டுவந்த கோர்ஸ் என்ற மஞ்சள் பூ முட்செடியை ஹோர்ட்டன் சமவெளியில் இன்னும் பிடுங்கிக்கொண்டுதான் இருக்கிறார்கள். நம் மலைக்கு இன்னொன்று வேண்டாம். பெரிய சாடியில் அல்லது அடியில் ஓட்டை போட்ட பெயின்ட் வாளியில் வளருங்கள். வாளியைக் கல்லின் மேல் தூக்கி வையுங்கள். பூ பாதி விரிந்ததும் வெட்டி வீட்டுக்குள் வையுங்கள், பஞ்சு கட்ட விடாதீர்கள். பிரித்தெடுத்த வேரை ஓடையிலோ தேயிலைக் கானிலோ வீச வேண்டாம்.

பராமரிப்பு அதிகமில்லை. நாளுக்கு 6 மணி நேர வெயில் கிடைத்தால் நல்லது. மண்ணோடு மணலும் கொஞ்சம் கூட்டெருவும் கலந்தால் போதும். மரக்கறிப் பாத்திக்குப் போடும் யூரியாவைப் போட்டால் தண்டு மெலிந்து சாய்ந்துவிடும். ஹட்டன் மழையில் தண்ணீர் தேங்கினால் வேர் அழுகும், பனிமூட்டத்தில் இலையில் வெண்தூள் படியும். ஆகவே சாடிகளை நெருக்கி வைக்காமல், காலையில் அடியில் மட்டும் தண்ணீர் ஊற்றுங்கள். இரண்டு மூன்று வருடத்துக்கு ஒருமுறை பிரித்து நடுங்கள்.

கேள்வி: நானும் இதே கன்றுக்குப் பணம் கட்டினேன். பூத்தது வேறு ஏதோ மஞ்சள் பூ. என்ன செய்வது? – வாசகர், பண்டாரவளை

பதில்: எனக்கும் ஒருமுறை இப்படி நடந்தது. பற்றுச்சீட்டு வாங்காததால் பேச வழியில்லாமல் போனது. கேட்டால் விற்பவர் பற்றுச்சீட்டு கொடுத்தாக வேண்டும், அதில் செடியின் பெயரையும் எழுதச் சொல்லுங்கள். உங்களிடம் விளம்பரப் படமும் பணம் அனுப்பிய ஆதாரமும் இருக்கும்தானே? முதலில் அவற்றோடு விற்றவருக்கே எழுதுங்கள். அவர் மறுத்தால் நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபையின் 1977 இலக்கத்துக்கு அழைத்து முறையிடுங்கள். அதுவரை அந்தச் செடியைப் பிடுங்கிப் போடாமல், பூவோடு படம் எடுத்து வையுங்கள்.