மாத்திரை போட்டால் நெஞ்சு எரிகிறது, நிறுத்திவிடலாமா?

கேள்வி: எனக்கு 64 வயது. பாலக்கோடு பக்கம் ஒரு கிராமம். போன வருடம் களத்தில் வழுக்கி விழுந்து மணிக்கட்டு முறிந்தது. ஸ்கேன் எடுத்ததில் இடுப்பெலும்பின் அடர்த்தியைக் காட்டும் டி ஸ்கோர் மைனஸ் 2.9, எலும்பு அடர்த்தி குறைந்து எளிதில் முறியும் எலும்புப்புரை என்றார்கள். முதுகெலும்பு மட்டும் பரவாயில்லையாம். அலெண்ட்ரோனேட் 70 மி.கி. மாத்திரை வாரம் ஒன்று போடச் சொன்னார்கள். ஞாயிறு விடியலில் ஒரு மடக்குத் தண்ணீரில் விழுங்கிவிட்டு, வாசல் கூட்டிக் கோலம் போட்டுவிட்டு டீ குடிப்பேன். ஏழு வாரம் ஆகிறது. அன்று முழுக்க நெஞ்சு எரிகிறது. மூட்டு வலியும் குறையவில்லை. இரண்டு வருடம் போட்டும் பலனில்லை என்கிறார் என் நாத்தனார். தாடை எலும்பு அழுகிவிடும் என்கிறார் பக்கத்து வீட்டு அக்கா. நிறுத்திவிடலாமா? ஊசி போட்டுக்கொள்ளலாமா?

பதில்: அம்மா, வரும் ஞாயிறு இந்த மாத்திரையைப் போட வேண்டாம். எரிச்சலோடு மேலும் மேலும் விழுங்கினால் உணவுக்குழாய் புண்ணாகிவிடும். இந்த வாரமே உங்கள் மருத்துவரைப் பாருங்கள். விழுங்கும்போது வலித்தாலோ, சோறு தொண்டைக்குக் கீழே அடைத்து நின்றாலோ, மலம் கறுப்பாகப் போனாலோ வாரக் கணக்கு பார்க்காமல் அன்றே போய்விடுங்கள். ஒன்றிரண்டு வாரம் தள்ளிப்போவதால் எலும்புக்குக் கெடுதல் இல்லை. ஆனால் சிகிச்சையையே விட்டுவிடாதீர்கள். ஒருமுறை எலும்பு முறிந்தவருக்கு அடுத்த முறிவு எளிதில் வரும். அது இடுப்பில் வந்தால் படுக்கையில் தள்ளிவிடும்.

உங்கள் கடிதத்தில் என் கண் நின்ற இடம் அந்த ஒரு மடக்குத் தண்ணீரும் கோலமும்தான். இந்த மாத்திரை உணவுக்குழாயில் ஒட்டிக்கொண்டால் அந்த இடத்தை அரித்துவிடும். ஒரு மடக்கில் அது வயிற்றுக்கு ஒழுங்காக இறங்குவதில்லை. இறங்கிய பிறகும் குனிந்து புள்ளி வைக்கும்போது வயிற்றிலிருப்பது மேலே எதுக்களிக்கிறது. மருத்துவர் மறுபடி தொடங்கச் சொன்னால், வெறும் வயிற்றில் பெரிய டம்ளர் நிறையத் தண்ணீர், 200 மில்லிக்குக் குறையாமல், நின்றபடியோ நிமிர்ந்து உட்கார்ந்தோ குடியுங்கள். மாத்திரையைச் சப்பக் கூடாது, கடிக்கக் கூடாது. அடுத்த அரைமணி நேரம் படுக்கவோ குனியவோ வேண்டாம். அந்த ஒரு நாள் கோலத்தை மருமகள் போடட்டும், அல்லது கோலத்தை முடித்துவிட்டு மாத்திரைக்கு வாருங்கள்.

டீயும் அந்த அரைமணிக்குப் பிறகுதான். வெறும் வயிற்றில் போட்டாலே இந்த மருந்தில் நூற்றில் ஒரு பங்குகூட உடம்பில் சேர்வதில்லை. காபி, டீ, பால், கூழ் எது பின்னாலேயே போனாலும் அந்தச் சொற்பமும் குறைந்துவிடும். கால்சியம் மாத்திரையைக் காலையில் தொடவே வேண்டாம், மதியச் சாப்பாட்டோடு வைத்துக்கொள்ளுங்கள். நம் பக்கத்துக் கேழ்வரகில் நூறு கிராமுக்கு ஏறக்குறைய 350 மி.கி. கால்சியம் இருக்கிறது. களியை விட்டுவிடாதீர்கள், ஞாயிறு மட்டும் சற்றுத் தாமதமாகச் சாப்பிடுங்கள்.

அடுத்து, எந்தத் தண்ணீரில் விழுங்குகிறீர்கள்? போர்வெல் தண்ணீரானால் மாற்றுங்கள். பாத்திரத்தில் வெள்ளையாகப் படியும் கடினத் தண்ணீரில் கால்சியம் அதிகம். அதுவும் மருந்தைக் கட்டிப்போட்டுவிடும். இன்னொரு காரணமும் உண்டு. தர்மபுரி, கிருஷ்ணகிரி நிலத்தடி நீரில் பல இடங்களில் புளோரைடு மிகுதி. 2013இல் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் பயன்பாட்டுக்கு வந்ததே இதற்காகத்தான். ஆண்டுக்கணக்கில் புளோரைடு ஏறினால் எலும்பு ஸ்கேனில் அடர்த்தியாகத் தெரியும், உள்ளே உறுதி இருக்காது. எலும்பை வலுப்படுத்தப் புளோரைடையே மருந்தாகக் கொடுத்துப் பார்த்து 1990இல் அமெரிக்காவில் வெளியான ஆய்வில், அடர்த்தி ஏறியது, முதுகெலும்பு முறிவு குறையவில்லை, மற்ற எலும்புகளில் முறிவு கூடியது. அதனால் உங்கள் முதுகெலும்பின் ‘பரவாயில்லை’யை நான் அப்படியே நம்ப மாட்டேன். சிறு வயதிலிருந்தே பல்லில் பழுப்புக் கறை உண்டா, முதுகும் கழுத்தும் விறைப்பாக இருக்கின்றனவா என்பதை மருத்துவரிடம் சொல்லுங்கள். முன்கை எக்ஸ்ரேயும் சிறுநீரில் புளோரைடு பரிசோதனையும் தேவையா என்று அவர் முடிவு செய்வார். கொதிக்க வைத்தால் புளோரைடு போகாது. குடிக்கவும் சமைக்கவும் ஒகேனக்கல் தண்ணீரைத் தனியாகப் பிடித்து வையுங்கள்.

மூட்டு வலி குறையாததற்கு மாத்திரையைக் குறை சொல்ல முடியாது. எலும்புப்புரை, மூட்டுத் தேய்மானம் இரண்டையும் ஊரில் ‘எலும்புத் தேய்மானம்’ என்றே சொல்வதால் இந்தக் குழப்பம். முழங்கால் வலி பெரும்பாலும் இரண்டாவதால் வருவது. அதற்கு இது மருந்து இல்லை. எலும்பைக் கரைக்கும் செல்களின் வேகத்தை அடக்கி அடுத்த முறிவைத் தடுப்பதே இதன் வேலை. முதுகெலும்பு முறிவு ஏறத்தாழப் பாதியாகக் குறைகிறது. எலும்பு முறியாமல் இருப்பது உடம்புக்குத் தெரியாது, அதனால்தான் உங்கள் நாத்தனாருக்குப் பலன் கண்ணில் படவில்லை. இந்த இரண்டு ஆண்டில் அவருக்கு எலும்பு முறியவில்லை என்றால் அதையும் கணக்கில் சேர்க்கச் சொல்லுங்கள். வலிக்காக மருந்துக் கடையில் கேட்டு வாங்கும் வலி மாத்திரை ஏதாவது போடுகிறீர்களா? இரண்டும் சேர்ந்தால் வயிற்றுப் புண்ணுக்கு வழி. அந்த அட்டையையும் கையோடு எடுத்துப் போங்கள்.

அக்கா சொன்ன தாடைப் பிரச்சினை உண்மையானது, ஆனால் மிக அரிது. எலும்புப்புரைக்காக மாத்திரை போடுபவர்களில் ஆண்டுக்குப் பத்தாயிரத்தில் ஒருவர் என்ற அளவைத் தாண்டாது. அது பெரும்பாலும் பல் பிடுங்கிய பிறகு வருகிறது. ஆடும் பல், சொத்தைப் பல் இருந்தால் மறுபடி தொடங்கும் முன்பே பார்த்துவிடுங்கள், பல் மருத்துவரிடம் இந்த மருந்தைப் பற்றிச் சொல்லுங்கள். நான் கவனிக்கச் சொல்வது தொடையை. பல ஆண்டுகள் தொடர்ந்து போட்டால், அபூர்வமாகத் தொடையெலும்பில் ஒரு தனி வகை முறிவு வரும். அதற்குச் சில வாரம் முன்பே தொடையிலோ கவட்டையிலோ மந்தமான வலி இருக்கும். அப்படி வலித்தால் உடனே எக்ஸ்ரே எடுக்க வேண்டும். இதற்காகவே ஐந்தாண்டு ஆனதும் எலும்பின் நிலையைப் பார்த்து, பலருக்கு மருந்தைச் சில காலம் நிறுத்திவைக்கிறோம்.

ஊசிக்கு வருவோம். சரியாக விழுங்கியும் எரிச்சல் நிற்கவில்லை என்றால் மாத்திரையோடு மல்லுக்கட்ட வேண்டாம். ஜோலெட்ரோனிக் அமிலம் 5 மி.கி., ஆண்டுக்கு ஒருமுறை, நரம்பு வழியே ஏற்றுவார்கள். வயிற்றுக்கும் அதற்கும் தொடர்பில்லை. முதல் முறை போட்டதும் இரண்டு மூன்று நாள் காய்ச்சலும் உடம்பு வலியும் வரலாம், பாரசிட்டமால் போதும். போடும் முன் ரத்தத்தில் கிரியேட்டினின் (சிறுநீரகம் எப்படி வேலை செய்கிறது என்று காட்டும் அளவு), கால்சியம், வைட்டமின் டி பார்த்தாக வேண்டும். சிறுநீரகம் பலவீனமாக இருந்தால் இந்த ஊசியும் கூடாது, இப்போதைய மாத்திரையும் கூடாது. ஆறு மாதத்துக்கு ஒருமுறை தோலுக்கடியில் போடும் டெனோசுமாப் என்ற ஊசியும் உண்டு. ஒரு தவணை தவறினாலும் முதுகெலும்புகள் வரிசையாக முறியும் ஆபத்து இருப்பதால், விடாமல் வர முடிந்தால் மட்டுமே அதைத் தொடங்குங்கள்.

மருத்துவரிடம் போகும்போது ஸ்கேன் அறிக்கையோடு வீட்டுப் போர்வெல் தண்ணீர் ஒரு பாட்டிலும் எடுத்துக்கொள்ளுங்கள். வழியில் குடிநீர் வடிகால் வாரியத்தின் மாவட்ட ஆய்வகத்தில் புளோரைடு அளவு பார்க்கக் கொடுத்துவிடலாம். லிட்டருக்கு 1.5 மி.கி.க்கு மேல் என்று வந்தால், பேரப்பிள்ளைகளுக்கும் அந்தத் தண்ணீரைக் கொடுக்காதீர்கள்.