காரைக்குடியில் இருக்கிறோம். நண்பர்கள் நாலு பேருக்கும் கூடைப்பந்து என்றால் உயிர். பெரிய ஆட்டம் ஒன்றை நேரில் பார்க்க எங்கே போவது, எப்படிப் பார்ப்பது?

ஐபிஎல் மாதிரி வருஷம் தவறாமல் நம் ஊர்ப்பக்கம் வரும் தொழில்முறைக் கூடைப்பந்து லீக் இன்னும் வேரூன்றவில்லை. 2015-ல் தொடங்கிய யூபிஏ லீக்கில் சென்னை ஸ்லாம் என்றொரு அணி இருந்தது. 2017-க்குப் பிறகு அந்த லீக்கே நின்றுபோனது. அதனால் லீக்கைத் தேடாமல் அணிகளைத் தேடுங்கள். இந்தியன் ஓவர்சீஸ் பேங்க், இந்தியன் பேங்க், ஐசிஎஃப், வருமான வரித்துறை, கேரள மின்வாரியம், ராணுவம், கடற்படை, விமானப்படை ஆகிய அணிகளில் ஆடுகிறவர்கள் விளையாட்டுக்காகவே வேலையில் சேர்க்கப்பட்டவர்கள். இந்தியாவுக்கு ஆடியவர்களும் இவர்களுக்குள்ளேதான் இருக்கிறார்கள். இந்த அணிகள் மோதுவது அகில இந்தியப் போட்டிகளில்.

உங்களுக்கு வசதியானது பெரியகுளம். அங்கே சில்வர் ஜூப்ளி ஸ்போர்ட்ஸ் கிளப் மே மாதம் மின்னொளியில் நடத்தும் போட்டி பல பத்தாண்டுப் பழமை கொண்டது. கோயம்புத்தூரில் நாச்சிமுத்து கவுண்டர் சுழற்கோப்பை இருக்கிறது. தேதி இணையத்தில் சீக்கிரம் கிடைக்காது. உங்கள் பள்ளி, கல்லூரியின் பி.டி. மாஸ்டரைக் கேளுங்கள். போட்டி நோட்டீஸ் முதலில் அவர்கள் வாட்ஸ்அப் குழுவுக்குத்தான் வரும்.

எந்த நாள் போவது என்றால், நான் இறுதி ஆட்டத்தைச் சொல்ல மாட்டேன். அன்று பரிசளிப்பு, பொன்னாடை, பேச்சு என்று பாதி நேரம் போய்விடும், கூட்டத்தில் நல்ல இடமும் கிடைக்காது. அரையிறுதி நாளில் ஒரே மாலையில் நாலு நல்ல அணிகளைப் பார்த்துவிடலாம்.

காரில் போனால் காரைக்குடியிலிருந்து திருப்பத்தூர், மேலூர், மதுரை வழியாகப் பெரியகுளம் ஏறக்குறைய 170 கிலோமீட்டர். மதுரை ஊருக்குள் நுழையாமல் ரிங் ரோட்டில் சுற்றிப் போனால் நாலு மணி நேரத்துக்குள் சேரலாம். பஸ் என்றால் கவனம் வேண்டும். காரைக்குடி பஸ் உங்களை மாட்டுத்தாவணியில் இறக்கும், தேனி, பெரியகுளம் பஸ்ஸோ ஆரப்பாளையத்தில் நிற்கும். இடையில் டவுன் பஸ்ஸுக்கே முக்கால் மணி நேரம் ஒதுக்குங்கள். இந்த மாற்றத்தைக் கணக்கில் சேர்க்காததால்தான் பலர் முதல் குவார்ட்டரை, அதாவது ஆட்டத்தின் முதல் கால் பாகத்தை, தவறவிடுகிறார்கள்.

சென்னை நேரு உள்விளையாட்டரங்கில் ஆட்டம் என்றால் விடியற்காலைப் பல்லவன் ரயிலில் போய்விடலாம். சிக்கல் திரும்புவதில். ராமேஸ்வரம் ரயில்கள் மாலையிலேயே கிளம்பிவிடும், ஆறு மணி ஆட்டத்தை முழுக்கப் பார்த்தவருக்கு அவை கிடைக்காது. பார்க் ஸ்டேஷனில் எலெக்ட்ரிக் டிரெயின் ஏறி ஊரப்பாக்கத்தில் இறங்கினால் கிளாம்பாக்கம் பக்கம். அங்கே இரவு பஸ் பிடியுங்கள்.

இனி உட்காரும் இடம். பெரும்பாலானவர்கள் நடுக்கோட்டுக்கு நேராக, முதல் வரிசையில் போய் அமர்வார்கள். ஆட்டம் புரிய வேண்டுமென்றால் அது மோசமான இடம். தரைமட்டத்தில் பத்துப் பேரும் ஒருவரை ஒருவர் மறைப்பார்கள், ஸ்கோர் எழுதுகிறவர்களின் டேபிளும் அணிகளின் பெஞ்சும் வேறு குறுக்கே நிற்கும். ஐந்தாறு படி மேலே ஏறி, ஒரு பக்க ரிங்குக்கும் நடுக்கோட்டுக்கும் இடையில் உட்காருங்கள். யார் ஸ்கிரீன் போடுகிறார் (தன் ஆளுக்கு வழிவிட எதிராளியை மறித்து நிற்பது), யார் மூலைக்கு ஓடுகிறார் என்பது அங்கிருந்துதான் தெரியும்.

எந்தப் பக்கம்? நிரலில் முதலில் பெயர் வரும் அணிக்கு, கோர்ட்டைப் பார்த்தபடி டேபிளில் இருப்பவரின் இடது பக்கத்தில் பெஞ்ச். டேபிளுக்கு எதிர் கேலரியில் இருக்கும் உங்களுக்கு அது வலது பக்கம். உலகக் கூடைப்பந்து அமைப்பான ஃபீபாவின் விதிப்படி முதல் பாதியில் ஓர் அணி தன் பெஞ்சை ஒட்டிய ரிங்கைக் காக்கும். இடைவேளைக்குப் பின் ரிங் மாறும், அந்த ரிங்கிலேயே அது பந்து போடும். அதனால் உங்கள் அணியின் பெஞ்ச் இருக்கும் பாதியில் அமர்ந்தால் முதல் பாதியில் அவர்கள் டிஃபன்ஸும், கடைசி நிமிடங்களில் அவர்கள் தாக்குதலும் உங்கள் கண் முன்னாலேயே நடக்கும். வார்ம்-அப்பைப் பார்த்து ஏமாறாதீர்கள். அதை எதிரணி காக்கும் ரிங்கில்தான் செய்வார்கள், அதாவது மறுபக்கத்தில்.

வார்ம்-அப்பைப் பார்க்கவே அரை மணி முன்னால் போவது நல்லது. லே-அப் (ஓடிவந்து ரிங்கை ஒட்டிப் பந்து போடுவது) போகும்போது இடது பக்கத்திலும் வலது கையாலேயே முடிக்கிறவர் யார், ஃப்ரீ த்ரோவில் (ஃபவுலுக்காகக் கிடைக்கும், யாரும் தடுக்காத வீச்சு) யாருடைய பந்து தட்டையாகப் போகிறது, யார் முட்டியில் டேப் சுற்றியிருக்கிறார் என்று குறித்துக்கொள்ளுங்கள். இடது கை வராதவரை எதிரணி அந்தப் பக்கமாகவே தள்ளும்.

நாலு பேரும் பந்தையே பார்த்தால் நாலு பேர் போனதற்குப் பலன் இல்லை. வேலையைப் பிரியுங்கள். ஒருவர் ஃபவுல் கணக்கு: தனி ஆளுக்கு ஐந்தானால் வெளியே, ஒரு குவார்ட்டரில் அணிக்கு நாலு முடிந்தால் டேபிளில் சிவப்பு அடையாளம் வைப்பார்கள், அதன் பிறகு தடுப்பாட்ட ஃபவுல் ஒவ்வொன்றுக்கும் இரண்டு ஃப்ரீ த்ரோ. இன்னொருவர் டைம்-அவுட்: முதல் பாதியில் இரண்டு, இரண்டாம் பாதியில் மூன்று. மூன்றாமவர் பந்தில்லாத பக்கம். நாலாமவர் பெஞ்ச்: கோச் யாரை எழுப்புகிறார், எப்போது ஸோனுக்கு (ஆளுக்கு ஆள் இல்லாமல் இடத்தைக் காக்கும் டிஃபன்ஸ்) மாறச் சொல்கிறார். கடைசி இரண்டு நிமிடத்தில் இந்த நாலையும் சேர்த்தால், அடுத்து கோச் என்ன செய்வார் என்று டைம்-அவுட் முடியுமுன் உங்களுக்குள் பந்தயமே கட்டலாம். மூன்று புள்ளி பின்தங்கிய அணி எப்போது வேண்டுமென்றே ஃபவுல் செய்யும் என்பது அந்த அணியின் ஃபவுல் எண்ணிக்கை தெரிந்தவருக்கே புரியும்.

டிவியில் அமெரிக்க லீக்கான என்பிஏ பார்த்துப் பழகியவர்கள் கேலரியில் தப்பாகக் கத்துவது உண்டு. இங்கே குவார்ட்டர் 10 நிமிடம், அங்கே 12. மூன்று புள்ளிக் கோடு இங்கே 6.75 மீட்டர், அங்கே உச்சியில் 7.24. ரிங்கில் பட்டு மேலே துள்ளும் பந்தை இங்கே தட்டிவிடலாம். அங்கே அது ரிங்குக்கு நேர் மேலே இருக்கும்வரை தொடக்கூடாது. அதனால் 'கோல் டெண்டிங்' (தொடக்கூடாத நேரத்தில் பந்தைத் தொட்டுத் தடுப்பது) என்று பாய்வதற்கு முன் பந்து ரிங்கைத் தொட்டதா என்று பாருங்கள். 'டிராவல்' (பந்தைத் தட்டாமல் கூடுதல் அடி வைப்பது) கூச்சலும் அப்படித்தான். 2017-லிருந்து ஓடிக்கொண்டே பந்தைக் கையில் சேர்க்கும்போது தரையிலிருக்கும் கால் எண்ணிக்கையில் வராது, அதற்குப் பிறகே இரண்டு அடி. பாதி நேரம் ரெஃபரி சரி, கேலரி தப்பு.

கத்துவதற்குத் தடை இல்லை. எதிரணி ஃப்ரீ த்ரோ போடும்போது ரிங்குக்குப் பின்னால் எழுந்து நின்று கையாட்டலாம், அதுவும் ஆட்டத்தில் சேர்த்திதான். விசில் மட்டும் வேண்டாம். ரெஃபரி ஊதியதாக நினைத்து ஆட்டக்காரர் நின்றுவிடுவார், அந்த நொடியில் பந்து போய்விடும்.

சாப்பாட்டுக்குப் புளியோதரைக் கட்டு போதும். கூடவே சீப்புச் சீடை, தேன்குழல். மாவுருண்டை மே மாத வெயிலில் காருக்குள்ளேயே நெய் விட்டு உடையும். ஆட்டம் ஒன்றேமுக்கால் மணி நேரம் ஓடும். இடைவேளை 15 நிமிடந்தான், கடைக்குப் போய்த் திரும்ப அது போதாது. திறந்தவெளிக் கோர்ட் என்றால் கோடை மழையையும் நினைவில் வையுங்கள். தூறல் நின்றாலும் தரை காயும்வரை ஆட்டம் தொடங்காது. அன்றிரவு தங்க ஓர் அறை பேசிவைப்பது நல்லது.

என்பிஏயையே நேரில் பார்க்க ஆசை என்றால், இந்தியாவில் அது வந்தது 2019 அக்டோபரில். மும்பையில் இண்டியானா பேசர்ஸும் சாக்ரமென்டோ கிங்ஸும் இரண்டு நாள் ஆடின, முதல் ஆட்டம் ஓவர்டைமில் 132-131. இப்போது அருகில் கிடைப்பது அபுதாபி. 2022-லிருந்து அக்டோபரில் யாஸ் தீவின் எதிஹாட் அரீனாவில் இரண்டு அணிகள் வந்து ஆடுகின்றன. திருச்சியிலிருந்து நேரே பறக்கலாம், வளைகுடாவில் சொந்தக்காரர் இல்லாத குடும்பம் நம் பக்கம் குறைவு என்பதால் தங்குமிடமும் கிடைத்துவிடும். ஆனால் அது சீசனுக்கு முந்தைய பயிற்சி ஆட்டம். பெரிய ஆட்டக்காரர்களை இரண்டாம் பாதியில் பெரும்பாலும் பெஞ்சில் உட்கார வைத்துவிடுவார்கள். இரண்டு ஆட்டம் நடக்கும் என்பதால் டிக்கெட் எடுக்கும்போது முதல் நாளா இரண்டாம் நாளா என்று யோசியுங்கள். முதல் நாள் ஆடியவருக்கு மறுநாள் முழு ஓய்வே கொடுத்தாலும் கொடுப்பார்கள்.