மாடு இருந்தால் கனடாவில் பால் விற்கலாமா?

பணமும் மாடும் இருந்தும் ஏன் விற்க முடியாது என்று கேட்டிருக்கிறீர்கள். காரணம் கோட்டா, அதாவது இவ்வளவு பால்தான் விற்கலாம் என்ற உரிமை. பால் மிஞ்சி விலை சரியக்கூடாது என்று 1970களில் வந்த ஏற்பாடு. நம் சிங்கப்பூரின் சிஓஇ (கார் உரிமைச் சான்றிதழ்) மாதிரிதான்: காருக்குக் காசு இருந்தாலும் சான்றிதழ் தனியாக வாங்க வேண்டும்.

கோட்டாவை லிட்டரில் அளப்பதில்லை. நாளொன்றுக்கு எத்தனை கிலோ பால்கொழுப்பு என்பதே கணக்கு. ஒரு கிலோ ஏறக்குறைய ஒரு மாடு. ஒன்டாரியோவில் அந்தக் கிலோவுக்கு உச்சவரம்பு விலையே 24,000 கனடிய டாலர். 50 மாட்டுக்கு 12 லட்சம். நிலம், தொழுவம், மாடு எல்லாம் அப்புறம்! கோட்டாவை விற்க வருபவர்களும் குறைவு. பரம்பரைப் பண்ணை இல்லாத இளைஞர்களுக்கு இது அநியாயம் என்றே நினைக்கிறேன்.

புதியவர்களுக்குச் சில மாகாணங்கள் கொஞ்சம் கோட்டாவைக் கடனாகத் தருகின்றன. முதலில் அதை விசாரியுங்கள்.